படப்பலகையில் விடுபட்டவை

ஆசிரியருக்கு,

மாற்றுத்திறன் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய கட்டுரை படித்தேன். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பைச் சிறப்புப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். ஆகட்டும். ஆனால், 'உள்ளாடைக்குள் யார் கை வைத்தாலும் கத்து, ஓடு, அம்மாவிடம் சொல்' என்ற பாடம் யாருக்காக எழுதப்பட்டது? மூளை முடக்குவாதம் உள்ள பெண்ணுக்குத் தினமும் கால் கழுவிவிடுவதும் உடை மாற்றுவதும் இன்னொருவர்தான். அவளால் ஓட முடியாது. பேச்சும் இல்லாமல் இருக்கலாம். "துடைக்கப் போகிறேன், சரியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அவள் கண்ணசைக்கும்வரை கை வைக்காமல் காத்திருக்கும் ஆயாதான் அவளுக்கு முதல் ஆசிரியர். கேட்டுத் தொடுவது பழகியிருந்தால்தான் கேட்காமல் தொடுபவன் யாரென்று அவளுக்குப் பிடிபடும்.

பேச்சு வராத குழந்தைகள் விரல் வைத்துக் காட்டும் படப்பலகையைப் பாருங்கள். இட்லி, தண்ணீர், பஸ், தலைவலி எல்லாம் இருக்கும். மார்பும் பிறப்புறுப்பும் பெரும்பாலும் இருக்காது. நான் சேர்த்தபோது, "பச்சைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு டீச்சர்?" என்றார்கள் பெற்றோர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 26, 38ஆவது பிரிவுகள், இத்தகைய குழந்தையின் வாக்குமூலத்துக்குச் சிறப்பாசிரியரின் உதவியைப் பெறலாம் என்கின்றன. பலகையில் அந்தப் படங்களே இல்லாதபோது போய் உட்கார்ந்து என்ன செய்வது? விசாரணை தொடங்கிய பிறகு படத்தை ஒட்டினால், சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கேட்பதும் நியாயம்தானே?

மகள் வயதுக்கு வந்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்கும் தாய்மாரைத் திட்ட எனக்கு மனம் வராது. அவர்கள் வேலைக்குப் போனால் நாப்கின் மாற்றிவிட வீட்டில் ஆள் இல்லை. ஆனால் அந்த அறுவை சிகிச்சையால் மாதவிடாய் நிற்கும், கர்ப்பம் தரிக்காது, அவ்வளவுதான்; சீண்டல் நிற்காது; சீண்டுகிறவனுக்கு அது வசதியாகவே முடியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பந்தப்பட்டவர் புரிந்துகொண்டு தானாகத் தரும் சம்மதமின்றிக் கருவளத்தைப் பறிக்கும் சிகிச்சை கூடாது என்கிறது. இதைச் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. நாப்கின் மாற்றப் பழக்கும் சிறப்பாசிரியரிடம் டாக்டர் அந்தத் தாயை அனுப்பிவைக்க வேண்டும்.

குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், நடந்தது தெரிந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோவின் 19ஆவது பிரிவு. பள்ளியின் பெயர் கெடும் என்று தயங்கும் நிர்வாகிகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சிறப்புப் பள்ளிகளுக்குப் படப்பலகை வாங்கித் தருவோர், மார்பு, பிறப்புறுப்பு, பின்புறம், 'வலிக்கிறது', 'வேண்டாம்' ஆகிய படங்கள் இல்லாத பலகையை இனி வாங்க வேண்டாம்.

– சிறப்பாசிரியர் (ஓய்வு), திண்டுக்கல்