தழும்பை ஏன் அழித்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்த மாயாஜாலத் தொடர்கதை போன வாரம் முடிந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் என்னைப் பற்றி வருகிற இடத்தை வெட்டுங்கள்.

மும்பையில் ஒரு அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் 26 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் தென்காசிப் பக்கம், வீடு இப்போது சயான் கோலிவாடாவில். எங்கள் மாடியில் மூன்று வீடு தள்ளி பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நாலு வயதில் வாணலி கவிழ்ந்து, கொதிக்கிற எண்ணெயில் இடது கன்னம், கழுத்து, தோள் எல்லாம் வெந்துவிட்டது. ஞாயிறு காலையில் என் வீட்டுக்கு வந்து சிறுவர் பக்கத்தை வாய்விட்டு வாசிப்பாள். நான் உளுந்து களைந்துகொண்டே கேட்பேன். பள்ளியில் ஆங்கில வழி. எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்க அவள் பழகியதே உங்கள் பேப்பரில்தான்.

உங்கள் கதையில் முதல் வாரமே அந்தச் சிறுமியின் ஊரை எதிரி வீரர்கள் கொளுத்திவிட்டார்கள். அவளுக்கும் இடது கன்னம். எங்கள் பெண் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பேப்பரைப் பிரித்ததும் முதலில் படத்தைத்தான் பார்ப்பாள். உங்கள் ஓவியர் ஒரு வாரம்கூடத் தழும்பை மறக்கவில்லை, அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். போன வாரம் எதிரி செத்தான். சிறுமி மலையில் ஒரு ஊற்றில் முகம் கழுவினாள், தழும்பு போயே போய்விட்டது, பட்டாபிஷேகம் நடந்தது. எல்லாம் ஒரே பத்தியில். இவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கிரீடம் வைத்த படத்தில் விரலை வைத்துக் கேட்டாள்:

"இது யாரு ஆச்சி?"

எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தீக்காயம் ஆறுவது எப்படியிருக்கும் என்று கதை எழுதியவருக்குச் சொல்ல வேண்டும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டினது பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். புதுத் தோல் அரிக்கும், ராத்திரி முழுக்கப் பிள்ளை தூங்காது. சிவந்து தடித்த தழும்பு அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை இறுக்கிப் பிடிக்கிற துணியை நாளில் 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், மும்பை மே மாதத்திலும். பிள்ளை வளரும், தழும்பு கூட வளராது. கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடும், திரும்பவும் கத்தி வைக்க வேண்டும். இவளுக்கு இதுவரை மூன்று ஆபரேஷன்.

ஒரு பிள்ளை ஞாபகத்துக்கு வருகிறாள். வெந்த கையைப் போர்வைக்கு வெளியே எடுக்கவே மாட்டாள். பார்லே-ஜி பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் பிரிப்பாள். ஒருநாள் நான் மாத்திரை டிரே தள்ளிக்கொண்டு போகும்போது பார்க்கிறேன், அந்தச் சுருண்ட விரல்களால் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். பிஸ்கட் பாதி தூளாகிவிட்டது. டிரேயை அப்படியே விட்டுவிட்டுப் போய் டூட்டியில் இருந்த மற்ற சிஸ்டர்களைக் கூட்டி வந்தேன். தழும்பு? இருந்த இடத்தில்தான் இருந்தது.

மாயாஜாலக் கதைக்கு இதெல்லாம் சரிப்படாது என்று சொல்வீர்களோ என்னவோ. ஓய்வு பெற்ற பிறகு என் மகன் ஒரு ஆங்கில நாவல் கொடுத்தான். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1990-ல் எழுதிய 'தெஹானு'. எர்த்ஸீ என்ற தீவுக்கூட்டத்தில் நடக்கும் கதை வரிசையில் நான்காவது. டிராகன், மந்திரவாதி எல்லாம் உண்டு. டிக்ஷனரி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். தெர்ரு என்ற குழந்தையைக் கூட இருந்தவர்களே சீரழித்து, அடித்து, நெருப்பில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் ரெஜிஸ்டரில் எத்தனையோ பெண்களுக்கு 'ஸ்டவ் வெடித்தது' என்று எழுதியிருக்கும். கூட வந்தவர் முகத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும், ஆனாலும் சொன்னதைத்தான் எழுத முடியும். இந்த அம்மா நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு ஒரு கண் போய்விட்டது, ஒரு கை சுருண்டுவிட்டது, குரல் கரகரவென்றுதான் வருகிறது. புகை போன தொண்டை அப்படித்தான் இருக்கும். எந்த வார்டில் போய் உட்கார்ந்து பார்த்தாரோ!

அவளை எடுத்து வளர்ப்பவள் தெனார். 1971-ல் வந்த இரண்டாவது நாவலில் அவளே ஒரு சிறுமி. ஐந்து வயதில் வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் பூசாரியாக்கி, பெயரையும் பிடுங்கிக்கொண்டு 'தின்னப்பட்டவள்' என்று பெயர் வைக்கிறார்கள். அந்தச் சிறுமி நடுத்தர வயது விதவையாகி, இன்னொரு சிறுமிக்கு மருந்து போடுகிறாள். தெர்ரு ஆடு மேய்க்கப் போகிறாள். பீச் பழக் கொட்டையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றுகிறாள். கொஞ்சம் தேறுகிறாள் என்று நினைக்கும்போது, கெடுத்தவர்களில் ஒருவன் வந்து கையைத் தொட்டுவிடுகிறான். அவ்வளவுதான், பிள்ளை பழையபடி ஒடுங்கிவிடுகிறது. பெரிய மந்திரவாதியாக இருந்து சக்தியெல்லாம் இழந்தவர் ஒருவரும் அவர்களோடு இருக்கிறார். அவராலும் அந்த முகத்தை மாற்ற முடியவில்லை.

2001-ல் வந்த கடைசி நாவலில் அவள் வளர்ந்த பெண். அப்போதும் கூச்சம் விடவில்லை. ஆனால் முடிவில் அவள் டிராகனாகவே மாறிப் பறந்துவிடுகிறாள். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வார்டிலிருந்து போன பிள்ளைகள் யாரும் பறக்கவில்லை. லோக்கல் டிரெயினில் ஏறி, பக்கத்து சீட்காரர் எழுந்து தள்ளி உட்காருவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். லெ குவின் அம்மா 2018-ல் காலமாகிவிட்டார், இல்லாவிட்டால் அவருக்கும் ஒரு கடிதம் போட்டிருப்பேன்.

உங்கள் கதாசிரியருக்கு ஒன்று சொல்லுங்கள். ஊற்று இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் குளித்தால் அரிப்பு நிற்கட்டும், கெட்ட கனவு வராமல் தூக்கம் வரட்டும், மூடின கை விரியட்டும். கன்னத்தை மட்டும் விட்டுவிடட்டும்.

இத்துடன் போன வாரத்துப் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். எங்கள் பெண் நீலப் பேனாவால் அதில் தழும்பை வரைந்திருக்கிறாள், தன்னுடையது மாதிரியே கன்னத்திலிருந்து கழுத்துவரை. கிரீடத்தைத் தொடவில்லை. ஓவியர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் உள்ளே இருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம். பிள்ளை யாரென்று எங்கள் கட்டடத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ்,
சயான் கோலிவாடா, மும்பை