செயலாளர் ஆண்டறிக்கை: சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருக்க

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கண் சிகிச்சை முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கோடையில் நீர்மோர்ப் பந்தல் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் புற்றுநோய் உதவிக் குழுவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பரமக்குடியிலிருந்து சிகிச்சைக்குப் போகிறவர்களில் சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மருந்துச் செலவுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, கீமோ என்கிற மருந்துச் சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் அது பெரிய கைகொடுப்பு. ஆனால் ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் கார்டில் ஏறவே இல்லை என்றால் காப்பீட்டு அட்டை வாங்கவே அலைய வேண்டும். நோய் அதுவரை காத்திருக்காது.

சரி, அட்டை வந்தாயிற்று. கதிர்வீச்சு சனி, ஞாயிறு தவிர தினமும், பலருக்கு ஐந்து ஆறு வாரம். மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான், அதற்கு மதுரை போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும், அங்கேயே தங்கினால் வாடகை, சாப்பாடு. நம் ஊர்த் தறிக்காரர் வீட்டில் மனைவிக்கு முடியாமல் போனால் கணவர் துணைக்குப் போக வேண்டும், தறியில் பாவு நூல் அப்படியே கிடக்கும், நெய்தால்தானே கூலி! மருந்து இலவசமாகக் கிடைத்தும் அவர்கள் கடன் வாங்குவது இதனால்தான்.

கீமோவில் வேறொரு சிக்கல். பலருக்கு அது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அன்று காலை ரத்தம் எடுத்துப் பார்த்து, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு குறைந்திருந்தால் அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அது நோயாளியின் நன்மைக்காகத்தான், ஆனால் கடன் வாங்கி வந்தவர் வெறுங்கையோடு பஸ் ஏறும்போது, அடுத்த வாரம் வருவாரா என்பது சந்தேகம்தான்.

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. மார்பில் கட்டியோடு போன ஒரு அக்கா, மூன்றாவது கீமோவில் கட்டி கரைந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். முடி கொட்டியதை உறவுக்காரர்கள் கேட்பார்கள் என்ற கூச்சம் வேறு. கட்டி கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் உள்ளே நோய் இருக்கலாம், அறுவை சிகிச்சை பாக்கி இருக்கிறது என்று அவருக்கு விளங்கும்படி யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நம் மகளிர் குழுவினர் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள், இப்போது மறுபடி போய்க்கொண்டிருக்கிறார்.

வரும் ஆண்டுக்கு நான் கேட்பது இவைதான். மதுரையில் ஆஸ்பத்திரிப் பக்கம் சமையல் வசதியோடு ஒரு அறையை வாடகைக்கு எடுப்போம். கீமோவுக்கு முந்தின நாளே இங்கே ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சம்மதித்தால் முடிவை வாட்ஸப்பில் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுச் சலுகை, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம். சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போகிறவர்களுக்கு இது பெரிய மிச்சம், படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்க நாம் உதவ வேண்டும். அப்புறம், தேதி தவறுகிறவர்களை அன்றே போனில் கூப்பிட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

ஆண்டு விழாச் செலவைக் குறைத்து அந்தப் பணத்தை அறை வாடகைக்கு ஒதுக்கும் தீர்மானத்தை இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறேன். போன் வேலைக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்