தொடை பிடித்திருக்கும்போது பஸ்கி போடலாமா?

மார்கழி 3

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. பங்குனியில் வெள்ளியங்கிரி ஏறலாம் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதுவும் சந்தோஷம். ஆனால் அதற்காக முதல் நாளே நூறு பஸ்கி போட்டேன் என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது.

ஞாயிறு காலை போட்டாய், திங்கள் காலை இறுக்கம், செவ்வாய் அன்று கழிப்பறையில் சுவரைப் பிடித்து உட்கார்ந்தாய். இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. பழக்கமில்லாத வேலை செய்த தசை 12 முதல் 24 மணி நேரம் கழித்து வலிக்கத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஐந்து முதல் ஏழு நாளில் விலகிவிடும். அதனால் இந்தக் கடிதம் வந்து சேரும்போது உன் வலி போயிருக்கும். அடுத்த வலிக்கு வைத்துக்கொள்.

லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது, எலுமிச்சைச் சாறு குடித்தால் கரையும் என்று உங்கள் ஜிம் பையன் சொன்னானாம். அந்த அமிலம் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும், செவ்வாய்க்கிழமை வரை அங்கே காத்திருக்காது. மலையையே எடுத்துக்கொள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அமிலம் அப்போதுதான் அதிகம் சுரக்கிறது. ஆனால் மறுநாள் தொடையைப் பிடிப்பது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை பிரேக் போல வேலை செய்கிறது. பாரம் அதை நீட்ட, அது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுபறியில் நார்களுக்குள் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. பிறகு உடம்பு அதைச் செப்பனிடும்போது சுரப்பவை நரம்பு முனைகளைக் கூச வைக்கின்றன. வலி தாமதமாக வருவது அதனால்தான். தசைக்குள் ஏற்படும் சேதம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902லேயே எழுதிவிட்டார். பஸ்கியிலும் உன்னைப் பிடித்தது எழுந்தது அல்ல, நூறு முறை உட்கார்ந்தது.

இனி உன் கேள்வி. முள்ளை முள்ளால் எடுப்பதுபோல இன்னும் நூறு போட்டு வலியை முறிக்கட்டுமா, இல்லை படுத்துவிடட்டுமா என்கிறாய். இரண்டும் வேண்டாம். முதலில் அது எந்த வலி என்று பார்.

தசை வலி இரண்டு தொடையிலும் இருக்கும், உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கும், உட்கார்ந்தே இருந்தால் தெரியாது. செய்துகொண்டிருக்கும்போதே ‘சுருக்’கென்று பிடித்தது, ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி, மூட்டு வீக்கம், ரத்தக்கட்டு, இவையெல்லாம் வேறு. அவற்றுக்கு ஓய்வும் மருத்துவரும்தான். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், ரத்தம் உறைந்திருக்கலாம் என்ற சந்தேகத்தோடு அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

சரி, தசை வலிதான் என்று வை. பத்து நிமிடம் சமதளத்தில் நட. பிறகு கை ஊன்றாமல், நான்கு எண்ணி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து எழு. ஐந்து முறை. வலிக்கு பத்துக்கு எத்தனை என்று நீயே மதிப்பெண் போடு. மூன்றுக்குள் இருந்து, உடம்பு ஒரு பக்கம் சாயாமல் இருந்தால், வழக்கமான பயிற்சியைச் செய்யலாம், அளவை மட்டும் ஏற்றாதே. நான்கு ஐந்து என்றால் செட்டையும் எண்ணிக்கையையும் பாதியாக்கு, அல்லது அன்றைக்குத் தண்டால் பக்கம் போய்விடு. அதற்கு மேல் போனால் இருபது நிமிட நடை போதும், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில். நடந்தால் வலி அப்போதைக்குக் குறையும், நின்றதும் திரும்பி வரும். அதைக் கண்டு பயப்படாதே.

எனக்கு மதிப்பெண்ணைவிடச் சாய்வுதான் முக்கியம். வலிக்குப் பயந்து பாரத்தை இன்னொரு காலுக்குத் தள்ளினால் முழங்காலும் இடுப்பும் அதற்கு விலை கொடுக்கும். சாய்ந்தால் நிறுத்து, வலி இரண்டே ஆனாலும்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: குதிநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண். தசைநாண் வலியும் சூடேறினால் குறைந்துவிடும். ‘நடந்தால் சரியாகிறது’ என்று தொடர்ந்து ஓடினால் மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போது தெரியும். அங்கே தீர்ப்பு அன்றைக்கு அல்ல, மறுநாள் காலையில். விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் முந்தைய நாளின் அளவு தவறு.

வலி போன முதல் நாள் இன்னொரு கண்ணி. வலி விலகினாலும் பலம் முழுதாகத் திரும்பியிருக்காது. நூறு போட்ட மாதிரி அடிபட்ட தசைக்கு ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். அன்றைக்கு நூற்றைம்பது போடுகிறவர்கள்தான் படிக்கட்டில் முழங்கால் மடங்கி விழுகிறார்கள்.

கொழுப்புக்கு மாத்திரை எடுக்கிறாய் அல்லவா? அது ஸ்டாட்டின் வகையாக இருந்தால், அதனாலும் இரண்டு தொடையிலும் தோளிலும் இதே மாதிரி வலி வரலாம். பயிற்சியே செய்யாத வாரத்திலும் வலி இருந்தால் மருத்துவரிடம் சொல். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. இன்னொன்று, இது மழை விட்டும் கொசு விடாத மாதம். காய்ச்சலோடு உடம்பு முழுக்க வலித்தால் பஸ்கியைக் குறை சொல்லாமல் ரத்தம் பரிசோதி. டெங்கு இல்லை என்று தெரியும்வரை புரூஃபென், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரை எதுவும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

நூறு பஸ்கியில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது வேறு. மூன்று நாள் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போவது, தொடை வீங்கிக் கல்லாவது, சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போவது. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். வெயிலில், தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு, பழக்கமில்லாமல் அதிகம் செய்கிறவர்களுக்கு வரும். அப்போது வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை.

மற்றபடி, நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளி, சுகமாக இருக்கும். ‘சுருக்’கென்று பிடித்த தசைக்கு மட்டும் முதல் இரண்டு மூன்று நாள் தேய்ப்பும் சூடும் ஆகாது, உள்ளே ரத்தக்கசிவு கூடும். தசையை இழுத்து நீட்டுவதால் இந்த வலி குறையும் என்கிறார்கள். சோதித்துப் பார்த்ததில் வலி மதிப்பெண் நூற்றுக்குச் சில புள்ளிதான் குறைந்தது.

இந்த வலியில் ஒரு லாபமும் உண்டு. ஒருமுறை அடிபட்ட தசை அதே வேலைக்குப் பல வாரங்கள் அவ்வளவாக வலிக்காது. அதற்கு நூறு தேவையில்லை, பத்திருபது போதும். அதனால் இப்படிச் செய். எட்டெட்டாக இரண்டு செட் பஸ்கி, வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. வாரம் ஒருமுறை செட்டுக்கு இரண்டு கூட்டு. தை பிறந்ததும் படிக்கட்டைச் சேர்த்துக்கொள். மூன்று மாடி ஏறி இறங்கினால் ஒரு சுற்று. முதல் வாரம் மூன்று சுற்று, பிறகு வாரத்துக்கு இரண்டு கூடும். ஏறுவதற்கு லிஃப்ட் கிடைத்தால் ஏறு, தப்பில்லை. இறங்குவதை மட்டும் காலால் செய். கடைசிப் பெரிய இறக்கம் மலைக்குப் பத்து நாள் முன்பு இருக்கட்டும்: வலி போய்விடும், தசைக்குக் கிடைத்த பாதுகாப்பு நிற்கும்.

அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கும்போது உன் விலா உயரத்துக்குப் பார்த்து வாங்கு. ஏறும்போது எல்லோரும் அதை ஊன்றுவார்கள், ஏழாம் மலை பார்த்துத் திரும்பும்போது தோளில் போட்டுக்கொள்வார்கள். நீ மாற்றிச் செய்.

நாற்காலிச் சோதனையில் எந்தப் பக்கம் சாய்கிறாய் என்று எழுது. முடிந்தால் வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல், நமக்கே தெரியாது.

அன்புடன்,
தங்கராசு