வெண்டைச் செடிகளை ஏன் பிடுங்குகிறோம்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தொடக்கநிலை 3 மாணவி ஒருத்தி பள்ளித் தோட்டத்து வாசலில் என்னை நிறுத்தி, "இன்னும் காய்க்குதே, ஏன் பிடுங்கணும்?" என்று கேட்டாள். அன்று மாலையே பெற்றோர் இருவரும் அதையே கேட்டிருந்தார்கள். நின்ற இடத்தில் நான் சொன்ன பதில் அந்தப் பிள்ளைக்குப் போதவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் விடுமுறை முடிந்து வந்ததும் பிள்ளைகள் விதைத்த வெண்டை அது. ஆகஸ்ட் கடைசியில் முதல் காயைப் பறித்தார்கள். இப்போது செடி அவர்கள் உயரத்தைத் தாண்டிவிட்டது, காய் உச்சியில் மட்டும்தான் பிடிக்கிறது. செப்டம்பர் விடுமுறையில் ஒரு வாரம் பறிக்காமல் விட்டதில் பாதிக் காய்கள் முற்றி நாராகிவிட்டன. இலைக்கு அடியில் வெள்ளை ஈ. பயற்றங்கொடியும் ஓய்ந்துவிட்டது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கும் சிங்கப்பூரில் ஆடிக்கும் தைக்கும் வெயிலில் பெரிய வித்தியாசம் இல்லை. நூலகத்தில் பிள்ளைகள் எடுத்துவரும் தோட்டப் புத்தகங்களோ குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. உறைபனி வருமுன் கோடைத் தோட்டத்தைக் காலி செய், இலையுதிர்காலத்துக்கு விதை என்று அவை சொல்கின்றன. நமக்கு உறைபனி இல்லை, வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் சில சமயம் நாள்கணக்கில் விடாமல் கொட்டும். போன ஆண்டு பழைய செடிகளை அப்படியே விட்டுவிட்டு விடுமுறைக்குப் போனோம். அது என் முடிவு. ஜனவரியில் வந்து பார்த்தபோது பாத்தியில் தண்ணீர் தேங்கி, வேர் அழுகி, நாற்றமெடுத்துக் கிடந்தது. பிள்ளைகளை அந்தக் காட்சிக்கு முன் மறுபடி நிறுத்த எனக்கு மனமில்லை.

பிடுங்கும் நாளில் நான் மிகவும் எதிர்பார்ப்பது வேர்களைத்தான். வெண்டையின் வேரில் ஆங்காங்கே வீக்கம் இருக்கலாம். வேர்முடிச்சு நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத புழு உள்ளே புகுந்ததால் வேரே தடித்துப்போயிருக்கும். பயற்றங்காயின் வேரிலும் உருண்டைகள் இருக்கும், ஆனால் அவை வேறு. வேரின் பக்கவாட்டில் மணி போல ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. ஒன்று நோய், மற்றொன்று உறவு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அறிவியல் பாடத்தில் நான் தனியாக விளக்க வேண்டியதில்லை. எனவே வெண்டையை வேரோடு எடுப்போம், வீங்கிய வேர்களை மக்கும் குழியில் போடாமல் குப்பைப் பையில் கட்டுவோம். பயற்றங்கொடியைத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுவோம்.

அப்புறம் என்ன நடுவது? கத்தரி கேட்டார்கள் சில பிள்ளைகள். அதே நூற்புழு கத்தரியையும் பிடிக்கும், அதனால் அந்தப் பாத்தியில் இப்போது வேண்டாம். நவம்பர் நடுவில் விடுமுறை தொடங்குமுன் அறுவடை முடிய வேண்டும். கங்கோங், தண்டுக்கீரை, சாய் சிம் ஆகிய மூன்று கீரைகளும் நான்கு ஐந்து வாரத்தில் கைக்கு வந்துவிடும். பாத்திகளை ஒரு சாண் உயர்த்தி, ஓரத்தில் வடிகால் வெட்டுகிறோம். விடுமுறைக்கு முன் ஒரு பாத்தியில் மட்டும் சர்க்கரைவள்ளிக் கொடி போடுவோம், அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். மற்றவற்றைக் காய்ந்த இலைகளால் மூடிவிடுவோம்.

தொட்டிகளின் அடித்தட்டுகள், வாளிகள், மூங்கில் குச்சிகளின் துளை எல்லாவற்றையும் அன்றே காலி செய்வோம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். வீட்டு நடைபாதையில் தொட்டி வைத்திருப்பவர்களும் பிள்ளையோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். காய்ந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்குகிறோம். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். தாத்தா பாட்டியையும் அழைத்து வாருங்கள், மண் வேலை தெரிந்த கை எங்களுக்கு வேண்டும். பழைய சட்டை, தொப்பி, தண்ணீர் கொண்டுவந்தால் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளையால் செடியை அசைக்க முடியவில்லை என்றாலும் நீங்கள் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். அடிமண்ணைத் தளர்த்திக் கொடுங்கள், இழுப்பது அவர்களாக இருக்கட்டும். யாராவது அழுதால் அழட்டும். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய கை அது. முற்றிக் காய்ந்த நெற்றுகளை அவரவரே உடைத்து, விதையைக் காகித உறையில் போட்டுப் பெயர் எழுதி வீட்டுக்கு எடுத்து வருவார்கள்.

கறிவேப்பிலை என்ன ஆகும் என்று பலர் விசாரித்தீர்கள். அதையும் பாண்டான் செடியையும் தொட மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்