சுச்சுந்திரா எலியே அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கீரிக் கதையைச் சுருக்கிப் போட்டிருந்தீர்கள், நன்றாகவே இருந்தது, ஆனால் அதில் வரும் சுச்சுந்திராவைக் 'கஸ்தூரி எலி' என்று எழுதி, பக்கத்திலேயே ஆற்றில் நீந்துகிற வட அமெரிக்க மஸ்க்ரட் படத்தையும் போட்டுவிட்டீர்களே! சுச்சுந்திரா நம் வீட்டு மூஞ்சூறு சார். 1894இல் 'ஜங்கிள் புக்' புத்தகத்தில் வந்த ஆங்கில மூலத்திலேயே 'மஸ்க்ரட்' என்றுதான் இருக்கிறது, மூஞ்சூறின் நாற்றத்துக்காக அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர், குழப்பம் அங்கேதான் ஆரம்பம். இந்தியில் அது சச்சூந்தர், இங்கே மாட்டுங்காவில் மராத்திக்காரர்கள் சிச்சுந்திரி என்பார்கள்.

கதையில் அது அறை நடுவே வரத் துணியாமல் அழுதுகொண்டே இருக்கும். நிஜ மூஞ்சூறும் அப்படித்தான், கண் சரியாகத் தெரியாது, சுவரை ஒட்டியே கீச்சிட்டுக்கொண்டு ஓடும். குட்டிகளைக் கூட்டிப் போகும்போது தாயின் வாலடியை ஒன்று கவ்வ, அதை அடுத்தது கவ்வ, லோக்கல் ரயில் போல வரிசையாகப் போகும். கொறிக்கும் இனமே இல்லை, பெரும்பாலும் பூச்சிதான் தின்னும். கரப்பானைப் பிடிக்கிற அதற்குப் போய் எங்கள் பக்கத்து வீட்டு மாமி பசை அட்டை வைக்கிறார், இத்தனைக்கும் தினமும் பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறவர்!

அப்புறம், கிப்ளிங் 1865இல் பிறந்ததே எங்கள் மும்பையில்தான். ஒரு திருத்தம் போடுங்கள், சரியான படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை