எதிர்மறையிலிருந்து தொடங்குங்கள்

ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மூட்டு வலி குறைந்து, காலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலம். என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர் இருட்டிய பிறகே வந்து சேர்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகளில் வேலை செய்பவர்கள் என்பதால், இன்று நான் சொல்லித்தரும் வாக்கியம் நாளையே ஒரு விருந்தினரின் காதில் விழுந்துவிடுகிறது.

கட்டாயத்தையும் தடையையும் சொல்லும் ஆங்கிலத் துணைவினைகளை எந்த வரிசையில் நடத்துவது என்று கேட்டிருந்தீர்கள். எதிர்மறையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். உடன்பாட்டில் 'மஸ்ட்' என்றாலும் 'ஹேவ் டு' என்றாலும் பெரிய சேதமில்லை. முன்னதில் சொல்பவரின் வற்புறுத்தலும், பின்னதில் விதியோ சூழ்நிலையோ தரும் நெருக்கடியும் சற்று மிகுதி, அவ்வளவுதான். எதிர்மறைக்கு வந்தவுடன் இரண்டும் முற்றிலும் பிரிந்துவிடுகின்றன. 'மஸ்ட் நாட்' என்றால் செய்யவே கூடாது. 'டோன்ட் ஹேவ் டு' என்றால் கட்டாயமில்லை, விரும்பினால் செய்யலாம்.

ரிசப்ஷனில் வேலை செய்யும் என் மாணவி ஒருத்தி, கிளம்பும்போது வாடகை தந்தால் போதும் என்ற எண்ணத்தில், 'யூ மஸ்ட் நாட் பே நவ்' என்று சொல்லியிருக்கிறாள். பணத்தை நீட்டிய விருந்தினர் திகைத்து நின்றாராம். அவள் மனத்தில் இருந்தது 'இப்போது கொடுக்க வேண்டாம்' என்ற தமிழ். நம் 'வேண்டாம்' தடுப்பதற்கும் வரும், விலக்கு அளிப்பதற்கும் வரும்; 'நாளைக்கு வர வேண்டாம்' என்று மேலாளர் சொன்னால், அது விடுப்பா வேலைநீக்கமா என்பதை அவர் குரலை வைத்துத்தான் அறிய முடியும். அதனால் ஆங்கிலத்துக்குப் போகுமுன் தமிழிலேயே கேட்கச் சொல்கிறேன்: கொடுக்கக் கூடாதா, கொடுக்க வேண்டியதில்லையா? அது தெளிந்துவிட்டால் பிள்ளைகள் தடுமாறுவதில்லை.

விருந்தினரிடம் 'மஸ்ட் நாட்' அதட்டலாக ஒலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 'யூ கேன்ட் ஸ்மோக் ஹியர்' என்று, விதி இப்படி என்ற தொனியில் சொல்வதே அவர்களுக்குப் பொருத்தம்.

இறந்தகாலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 'மஸ்ட்' என்பதே பழைய ஆங்கிலத்தில் வேறொரு வினையின் இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலத்துக்கு வந்தது; இன்று அதற்கெனத் தனி இறந்தகாலம் இல்லாததால், நேற்றைய கட்டாயத்தை 'ஹேட் டு' என்றுதான் சொல்ல வேண்டும். 'மஸ்ட் ஹேவ் கான்' என்பது ஊகம். 'அவர் போயிருக்க வேண்டும்' என்ற தமிழோ, போயிருப்பார் என்ற ஊகத்தையும், போகாமல் விட்டாரே என்ற குறையையும் ஒருங்கே தாங்குகிறது. குறையைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ் கான்' வேண்டும். இந்த இடத்துக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள்.

சட்ட ஆங்கிலத்தின் 'ஷால்' உங்கள் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு மட்டும் போதும். பதினான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையை ஆலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு வைக்கக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டுங்கள். அங்கே 'ஷால் பி எம்ப்ளாய்ட்' என்ற வினையில் தடை இல்லை. 'நோ சைல்ட்' என்று எழுவாயிலேயே தொடங்கிவிடுகிறது.

'ஷுட்' பற்றி நானே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இணையத் தொழில்நுட்ப வரையறைகளில் இச்சொற்களின் அழுத்தத்தை 1997இல் ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம் வகுத்துவைத்தது: 'மஸ்ட்' விலக்கில்லாத தேவை, 'ஷுட்' என்றால், தக்க காரணம் இருந்து, விளைவுகளை முழுதும் எடைபோட்ட பின் விட்டுவிடலாம். இவ்வளவு துல்லியமான விளக்கத்தை நான் இலக்கண வகுப்பில் கேட்டதில்லை. ஆனால், 'யூ ஷுட் சீ த டாக்டர்' என்று அக்கறையோடு சொல்லும்போது அந்த விளக்கம் போதவில்லை. இதை உங்கள் வகுப்பில் எப்படி நடத்துகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்