மதிப்பெண் பாட்டுக்கா, ஆட்டத்துக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனியார் தொலைக்காட்சி ஒன்றில் வார இறுதிகளில் ஒளிபரப்பாகும் பாட்டுப் போட்டியைத் தவறாமல் பார்த்துவருபவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன்.

சென்ற வாரம் சாருகேசி ராகத்தில் அமைந்த பாடலைப் பாடிய மாணவி, எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பருவத்தின் சிறந்த பாடகி. முன்பாதியில் சங்கராபரண ராகத்தின் சுரங்களையும் பின்பாதியில் தோடி ராகத்தின் சுரங்களையும் கொண்ட அந்த ராகத்தில், ‘ப’ என்னும் பஞ்சமத்தைக் கடந்ததும், அடுத்த சுரமான சுத்த தைவதத்தை (‘த’) தொட்டுவிட்டு ஓடாமல், அதிலேயே நின்று, மெல்ல அசைத்து, பிறகே அதற்கும் மேலுள்ள கைசிகி நிஷாதத்துக்கு (‘நி’) அவர் நகர்ந்தபோது எங்கள் வீட்டுப் பட்டாலையில் இருந்த அனைவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். நடுவர்களோ அவருக்கு மேடையில் துடிப்பு போதாது என்றார்கள்! அவரைவிட அதிக மதிப்பெண் பெற்ற இளைஞருக்கு நல்ல கனமான குரல்தான். ஆனால் ஆடிக்கொண்டே பாடியதில் சரணத்தில் மூச்சு வாங்கியது, ழகரம் எல்லாம் ளகரமாயிற்று. மூன்றாமவர் மெல்லிசையில் தேர்ந்தவர், தாளம் பிசகாதவர்.

எங்கள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார்தான் முன்னின்று, தமிழ்ப் பாடல்களை வளர்க்க 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டார்; அவர் பிறந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் நாங்கள். தமிழ்ப் பாட்டில் தமிழே சிதைவதைக் கேட்டுக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. சுருதி, தாளம், உச்சரிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கி, நேயர்கள் வாக்களிக்கும் முன்பே அவற்றைத் திரையில் காட்டுமாறு நிகழ்ச்சியினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.